லுசுங்கு புற்றேறிய படலம்

வாழ்க லுசுங்கு! ரும்பி மலைச்சரிவின் செம்மண் ஈன்ற கணக்குப்புலி, விரிசலோடிய திரையுடைச் செல்பேசியை வலக்கையிலும் விடைத்தாளை இடக்கையிலும் ஏந்திய இருபடைக்கலத்தாள், பள்ளி இறுதியாண்டான நான்காம் படிவத்து நங்கை, அவள் வாழ்க! அலைவரிசைத் தாயே, ஒற்றைக் கோடாய் முகங்காட்டி மறையும் கள்ளியே, இந்தக் கதை முடியும்வரையாவது எங்கும் போய்விடாதே.

முசூசு நகரத்து இலவச இணையவகுப்பின் ஆணை கொடிது. மாலை ஆறு மணிக்குள் விடைத்தாளின் படம் வந்து சேராதவர் பெயர் வகுப்பிலிருந்து நீங்கும். நகரத்துப் பிள்ளைகள் சோபாவில் காலாட்டிக்கொண்டே அனுப்பிவிடுவார்கள். லுசுங்குவின் ஊரிலோ செல்பேசி அலைவரிசை எழுந்தருளும் திருத்தலம் ஒன்றே ஒன்று: பள்ளிக்கூடத்தின் பின்னே இரண்டாள் உயரம் ஓங்கிய கரையான்புற்றின் உச்சி. அங்கே ஒருவர் நிற்கத்தான் இடம். ஏறியவர் தாமாக இறங்கும்வரை மற்றவர் கீழே காத்திருப்பது ஊர் வழக்கம். எத்தனையோ கல்யாணங்களை முடித்துவைத்த அந்த வழக்கம் எத்தனை பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்ததோ, யார் கண்டார்கள்.

அன்று அந்தக் கொடுமுடியில் கொடிமரம்போல் நின்றவன், சைக்கிளில் சவாரி ஏற்றிப் பிழைக்கும் யோத்தாம். தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் தன் வருங்கால மனைவியை அவன் மதியத்திலிருந்து சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான்.

"மாமா, எறங்குங்க! ஆறு மணி ஆகப்போகுது!"

"இரு புள்ள, இன்னும் கோவம் தணியல. இப்ப வெச்சா என் கல்யாணம் போச்சு."

"வெக்கலேன்னா என் படிப்பு போச்சு! ஃபோனக் குடுங்க, நானே அவங்ககிட்ட பேசி முடிக்கிறேன்!"

அப்போதுதான், ஆண்டின் முதல் மழை பெய்து ஓய்ந்த அந்த அந்திப்பொழுதில், புற்றின் ஆயிரம் வாயில்களும் ஒருங்கே திறந்தன. வெள்ளிச்சிறகுப் பெரும்படையாய் ஈசல்கள் விண்ணை மறைத்து எழுந்தன. அவற்றைக் கண்டதும் ஊர்ப் பெண்டிர் சேனை, கேடயமெனப் பேசின்களும் கொடியெனக் கம்பளிகளும் ஏந்தி, நியாசிர்வா அத்தையின் தலைமையில் ஆரவாரித்து வந்து புற்றை முற்றுகையிட்டது.

"எறங்குங்கடா எல்லாரும்! வருஷத்து முத ஈசல், வறுத்தா ஊருக்கே ஆகும், மிதிச்சுத் தொலைக்காதீங்க!" என்று அத்தை முழங்கினாள்.

"என் கண்ணே" என்று வாய் திறந்த யோத்தாமின் தொண்டைக்குள் நாலைந்து ஈசல்கள் புகுந்தன. காதலும் இருமலுமாக அவன் சறுக்கி வீழ்ந்தான். வீழ்ந்தவனைத் தாண்டி, கம்பளியை விரிக்க வந்த கைகளுக்கிடையே நுழைந்து, முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிய, லுசுங்கு உச்சியை அடைந்தாள். குந்தி விடைத்தாளை மடியில் விரித்தாள். செல்பேசி விளக்கை ஏற்றினாள். ஈசற்படை முழுவதும் அந்த ஒளியை நோக்கித் திரும்பி, அவள் கண்ணையும் காதையும் மொய்த்தது. அவள் அசையவில்லை. படமெடுத்தாள், அனுப்பினாள். திரையில் வட்டம் சுழன்றது, நின்றது, மீண்டும் சுழன்றது, கடைசியில் சிறு குறியொன்று விழுந்தது. ஆறு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போயிருச்சு!" என்று மலைகள் அதிர அறிவித்தாள்.

"எது, ஈசலா?" என்று அத்தை பதறினாள்.

மலைமுகடுகள் அவள் வெற்றியை எதிரொலிக்க, யோத்தாம் இருமியபடியே கைதட்ட, பெண்டிர் சேனை புற்றை முழுவதுமாகக் கம்பளியால் மூட, வீரத்தழும்பு விளங்கும் முழங்காலோடு மண்ணிறங்கிய அவள் கையில், போகிறபோக்கில் அலைவரிசைத் தாய் ஒற்றைக் கோடாய் முகங்காட்ட, செல்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

ஏழாவது கணக்கின்மேல் ஈசல் உட்கார்ந்திருக்கிறது, ஆறு மணிக்குள் வேறு படம் எடுத்து அனுப்பு என்று முசூசு வாத்தியார் எழுதியிருந்தார்.