கிரீஸ் காரைக் காப்பாற்றிய விதம்

மரக்காணத்தில் வங்காள விரிகுடாவை நேருக்கு நேர் நின்று திட்டிய ஒரே மனிதர் கிரீஸ்தான். மற்றவர்கள் கடலைக் கும்பிடுவார்கள், அல்லது கண்டுகொள்ளாமல் இருப்பார்கள். கிரீஸ் தினமும் காலையில் வாசலுக்கு வந்து, கிழக்குப் பக்கம் மூக்கை நீட்டி, காற்றை முகர்ந்து, "வந்துட்டியா சனியனே" என்பார். அதன் பிறகுதான் பல் துலக்குவார்.

இத்தனைக்கும் அவருக்குச் சோறு போட்டதே உப்புதான். உப்பளத்தில் மேஸ்திரி. பகல் முழுவதும் பாத்தியில் ஆட்களை விரட்டி உப்பு வார வைப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே உப்பைத் திட்டுவார். நான் பத்திரிகை நிருபராக அந்த ஊருக்குப் போய் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. கையும் காலும் எந்நேரமும் கிரீஸாக இருந்ததால் அவர் கிரீஸ்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. மனைவி வசந்தாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் பாண்டிச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். ஒருமுறை திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் மயங்கி விழுந்துவிட்டார். அடுத்த வாரமே கிரீஸ் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வந்து நிறுத்தினார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். கிரீஸ் உப்பு ஜாடியையே தூக்கித் தெருவில் வீசினார். ஆக, உப்போடு அவருக்கு இரண்டு முனையில் சண்டை. உள்ளே வசந்தா, வாசலில் கார்.

"கார் நின்னுட்டா இவளும் நின்னுடுவா சார்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அதையும் கோபமாகத்தான் சொன்னார்.

உப்புக்காற்றில் கார் துருப்பிடிக்காமல் இருக்க, மெக்கானிக் கடைகளில் வடித்துவிடும் பழைய ஆயிலை வாங்கி வருவார். டீசல் கலந்து, பயிருக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரில் ஊற்றி, காருக்கு அடியில் படுத்துக்கொண்டு அடிப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் அண்டர்கோட்டிங். கதவு இடுக்கு, போல்ட், நம்பர் பிளேட் எதையும் விடமாட்டார். காரின் அடியில் தூங்கும் தெருநாய் ஒன்று வெள்ளையாக இருந்தது. ஒரே வாரத்தில் கறுப்பாகிவிட்டது. எதிர்வீட்டில் கருவாடு காயவைக்கும் அஞ்சலைதான் அதற்குச் சோறு வைப்பார். வெள்ளை நாயைக் காணோம் என்று தெருத்தெருவாகத் தேடினார். கறுப்பு நாய் ஒன்று வந்து வாலாட்டியபோது கல்லெடுத்து விரட்டினார்.

நான் அதிகாரி ஒருவரைப் பேட்டி காணக் கிளம்பிய காலையில், என் புதுச் சட்டை அந்தக் கார்க் கதவில் உரசியது. தோளிலிருந்து இடுப்புவரை கறுப்புக் கோடு. கொதித்துப்போய்க் கேட்டேன்.

"என்னா சார் இப்போ. சட்டை இனிமே துருப்பிடிக்காது. சந்தோசப்படுங்க" என்றார்.

காரில் ஏறவும் சட்டம் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் வாளியும் சொம்பும் இருக்கும். உப்புப் படிந்த காலோடு யாரும் ஏறக்கூடாது. சொந்த மச்சானையே கால் கழுவவில்லை என்று நடுரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறார். வசந்தாவுக்கு மட்டும் அவரே குனிந்து கழுவிவிடுவார். அப்போதும் வாய் மூடாது. "எங்கடி போய் மிதிச்ச, பாரு, நகக்கண்ணு பூரா மண்ணு."

தெருக்குழாயில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரில் கார் குளித்தது. உப்புத் தண்ணீரில் குடும்பமும் மாடியில் நானும் குளித்தோம். சோப்பு நுரைக்காமல் நான் மேலிருந்து கத்துவேன். அவர் கீழிருந்து கத்துவார்.

"ஏம்பா கிரீஸு, தலைய நல்லா துவட்டிவுடு. காருக்கு சளி புடிச்சிக்கப் போவுது" என்பார் அஞ்சலை, கருவாட்டைப் புரட்டிக்கொண்டே.

வசந்தா வாசற்படியில் உட்கார்ந்து சொல்வார்: "எனக்கு ஒரு நாளைக்கு ஒரு சொம்புதான் குடிக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. அது ஆறு கொடம் குடிக்குதுக்கா. அடுத்த ஜென்மத்துல இந்தாளுக்கு காரா பொறக்கணும்."

"பொறந்தா அண்டர்கோட்டிங்கோட பொற" என்பார் கிரீஸ், காருக்கு அடியிலிருந்து.

உப்பு லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஈர உப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். ஒருநாள் கிரீஸ் லாரிக்குக் குறுக்கே போய் நின்றுவிட்டார். பின்னால் இன்னும் மூன்று லாரிகள். ஒரே ஹாரன் சத்தம்.

"எறங்குடா கீழ. என் வாசல்ல உப்புத் தண்ணி ஊத்திட்டுப் போறியே, உனக்கு கார் இருக்குதா?"

டிரைவர் எட்டிப் பார்த்தான். "அண்ணே, இது நீங்க காலைல லோடு ஏத்திவுட்ட உப்புண்ணே."

"ஏத்தினது நான். சிந்துறது யாருடா?"

 

அந்தப் பக்கத்து வீடுகளில் உப்பளத்துப் பழைய தார்ப்பாய் இல்லாத வீட்டைப் பார்க்க முடியாது. மழைக்காலத்தில் உப்புக் குவியலை மூடுவார்கள். கொஞ்சம் நைந்ததும் அது விறகை மூட, கூரை ஒழுகாமல் இருக்க, பைக்கின் மேல் போட என்று வீட்டுக்கு வந்துவிடும். மேஸ்திரி என்பதால் கிரீஸுக்குப் பெரிதாகவே ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரி போகாத நாட்களில் காரைக் கழுவிய கையோடு அதைப் போர்த்தி, நாலா பக்கமும் தரையோடு இழுத்து, உப்பளத்தில் கட்டுகிற அதே முடிச்சைப் போட்டுவிடுவார். "ஒரு பொட்டு காத்து உள்ள போவாது சார். கடல் என்னா பண்ணுதுன்னு பாக்கறேன்" என்பார். பார்ப்பதற்கு அசல் உப்புக் குவியல்தான். வெளியூர் வியாபாரி ஒருவர் கதவைத் தட்டி, எத்தனை மூட்டை தேறும் என்று விசாரித்துவிட்டு அடிவாங்காமல் தப்பினார்.

அப்படி மூன்று வருடம் காப்பாற்றினார்.

ஒரு டயாலிசிஸ் நாள் காலையில், முடிச்சை அவிழ்த்து, தார்ப்பாயை உருவி, வசந்தாவின் காலைக் கழுவி ஏற்றினார். வசந்தா காலை ஊன்றினார். கால் நிற்கவில்லை. ரப்பர் விரிப்போடு காரின் தரை பொத்துக்கொண்டு, பாதம் கீழே தெருவைத் தொட்டது. நல்லவேளை, கீறல்கூட இல்லை.

நான் இறங்கி ஓடினேன். விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தகடு அப்பளமாக நொறுங்கியது. அத்தனை பேர் கழுவிய காலின் ஈரமும் விரிப்புக்கு அடியில்தான் தங்கியிருந்தது. ஆயில் அடித்ததெல்லாம் வெளிப்புறம். துரு உட்கார்ந்தது உட்புறம்.

கிரீஸ் திட்டத் தொடங்கினார். கடலைத் திட்டினார். லாரிக்காரனை, காரை விற்றவனை, ரப்பர் விரிப்பைத் திட்டினார். "மாடில உக்காந்துகினு பேப்பர்ல எழுதற, இத எழுதுனியா நீ" என்று என்னைத் திட்டினார். முதல் தடவையாக மரியாதை போயிருந்தது. அஞ்சலையின் கருவாட்டைக்கூட விடவில்லை. பிறகு திட்ட ஆள் தீர்ந்துபோய் நின்றார்.

வசந்தா இதற்கிடையில் மெல்லக் காலை எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தார். கீழே கிடந்த தார்ப்பாயின் உட்பக்கத்தை விரலால் ஒரு இழுப்பு இழுத்தார். விரல் நுனி வெள்ளையானது. அதை வாயில் வைத்தார்.

"உப்புய்யா" என்றார். "அளத்துல மூடனத அலசக்கூட இல்லியா நீ? மூணு வருசமா அத ஊறுகா போட்டு வச்சிருக்க." சொல்லிவிட்டு மறுபடி விரலை நக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். "எவ்ளோ நாள் ஆச்சு இந்த ருசிய பாத்து."

கிரீஸ் பாய்ந்து போனார். கார், தார்ப்பாய், கடல் எல்லாம் மறந்துவிட்டது. வசந்தாவின் வாய்க்குக் கீழே தன் உள்ளங்கையை விரித்து நீட்டினார். "துப்புடி. வசந்தா, துப்பிடுடி. சொன்னா கேளு." வசந்தா நீட்டிய கையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அந்தக் கையில் துப்பினார்.

அஞ்சலை ஓடிப்போய் ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தார். வசந்தாவை உட்காரவைத்துவிட்டு கிரீஸ் ஏறினார். ஏறியதும் ஆரம்பித்துவிட்டார். ஆட்டோவின் சீட்டு, டிரைவர், ரோட்டுப் பள்ளம், வசந்தாவின் நாக்கு, எல்லாவற்றுக்கும் திட்டு. ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகும் அந்தக் குரல் கேட்டது. அது கேட்காமல் போகும்வரை அஞ்சலையும் நானும் உள்ளே போகவில்லை.