குதிரைமேல் இருந்த குடிகாரர் பற்றி

வட்டகொடை,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இருபத்தாறு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன், இனி முடியாது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சுக் கோப்பவர்களும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே ஒன்பது நாளாக மழை, வீட்டில் ஒரு துணி காயவில்லை, மற்றபடி குறையொன்றுமில்லை என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் குறை இருக்கிறது. தங்கள் வார இதழின் ஆறாம் பக்கத்தில், வலது மூலையில், நான்கு அங்குல அகலத்தில் இருக்கிறது.

சென்ற ஞாயிறு, காலமான ஆண்டியப்பன் அவர்களின் ஓராண்டு நினைவாக அவர் மகள் தனுஷிகா எழுதிய கட்டுரையை வெளியிட்டிருந்தீர்கள். ஆண்டியப்பன் என் மனைவி ஜெயந்தினியின் அண்ணன். 'சிரிப்பும் விளையாட்டும் குதிரையுமாக வாழ்ந்த குடும்பஸ்தர்' என்று பிள்ளை எழுதியிருக்கிறது. பொய்யில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தபடியே சித்திரை மாதம் முழுக்க லீவு போட்டு நுவரெலியா பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்டப் போன மனிதர். குடும்பத்தை விட்டுவிட்டுப் போனார் என்று யாரும் சொல்ல முடியாது. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் எல்லோரும் பந்தயத் திடல் ஓரத்து ஈரப்புல்லில் உட்கார்ந்து புளிச்சோறு தின்போம். தனுஷிகா முதன்முதலில் பேசிய வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, உதைபந்தாட்டத்துக் 'கோல்'. தோட்டத்துக் கரப்பந்துப் போட்டிக்கு என்னை எல்லைக்கோட்டில் நிற்கச் சொல்லி, வந்த பந்தெல்லாம் என் மூக்கில் பட, ஒலிபெருக்கியில் 'வாத்தியார் தலையால் ஆடுகிறார், இது உதைபந்தாட்டம் அல்ல' என்று அறிவித்தவரும் அவரே. அதையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். எத்தனை முறை மன்னித்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பிரச்சினை அந்தப் படம். தேயிலைக்கு நடுவே ஒரு குதிரை. அதன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டியப்பன் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலை கலைந்து ஒருவர் தொங்குகிறார். கீழே தாங்கள் அச்சிட்டிருப்பது: 'கல்யாண வீட்டில் போதையில் குதிரை ஏறிய குடிகாரர் ஒருவரை ஆண்டியப்பன் காப்பாற்றும் காட்சி, 1999.'

ஐயா, நான் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டவனில்லை. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பேன். நான் ஒரு பாடசாலையின் உப அதிபர், அதன் மதுவொழிப்புக் கழகத்துக்குப் பதினொரு வருடமாகத் தலைவர். அந்தக் கல்யாணத்தில் நான் மாப்பிள்ளை.

நடந்ததைச் சொல்கிறேன். தலவாக்கலையில் இரும்புக்கடை வைத்திருந்த இஸ்ஸதீன் நானா, பந்தயத்துக்கு உதவாமல் போன ஒரு பெட்டைக் குதிரையை ஆண்டியப்பனிடம் கொடுத்திருந்தார். திடலில் அதற்கு ஏதோ நீளமான இங்கிலீசுப் பெயர், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பாக்கியம். லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்தார். லீக்ஸ் பாத்தி முழுவதையும் தின்று தீர்த்தது. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஓடிவரப் பழக்கிவிட்டிருந்தார்; அங்கே பெண்கள் மிச்ச ரொட்டியைப் போடுவார்கள். தினமும் மத்தியானம் சங்கு, ஓட்டம், ரொட்டி. எங்கள் ஊர்க் குதிரைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என்னை அந்தக் குதிரையில்தான் கோயிலுக்கு அழைத்துவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "மச்சான், ஒரே தங்கச்சிங்க! காருல யாரு வேணா வருவாங்க. நீங்க ராசா மாதிரி வாங்க!" என்றார். "சங்கு ஊதுமே?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதைத் தாங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். "நாயித்துக்கிழம எவன் மச்சான் சங்கு ஊதுறான்?" என்றார். தெருமுனையில் என்னை ஏற்றினார்கள். ஏற்றும்போதே பாக்கியம் கழுத்தைத் திருப்பி என் மாலையை முழுசாகத் தின்றுவிட்டது. தப்பு மேளம் முழங்க, லயத்து வாசலெல்லாம் ஆட்கள் நிற்க, கோயிலுக்கு இன்னும் நூறு அடி இருக்கும், சங்கு ஊதியது. சித்திரைக் கொழுந்து அளவுக்கு மீறித் தளிர்த்துவிட்டதென்று தோட்டத் துரை மேல்பிரிவான மேற்கணக்கில் ஞாயிறும் ஆள் இறக்கியிருந்தார். கல்யாண அவசரத்தில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. பாக்கியத்துக்கு இருந்தது.

அதன் பிறகு நான் கண்ணைத் திறக்கவில்லை ஆகையால் வழியை வர்ணிக்க இயலாது. தலைப்பாகை எங்கோ போனது, ஒரு செருப்பு தண்ணீர் ஓடும் கானுக்குள் போனது. ஒன்றரை மைல். குதிரை நின்றதும் காதில் விழுந்த முதல் குரல் தராசடியில் நின்ற பழனியாண்டி கங்காணியுடையது. "ஏ புள்ளைகளா, இது யாரு கொண்டாந்த கொழுந்து? பேரு போடணும், சொல்லுங்க!"

"கொழுந்தாட்டம் தெரியலீங்களே. முத்தலா இருக்கு, கழிச்சிடுங்க!" என்றாள் ஒருத்தி. நாற்பது பெண்கள் கூடையோடு சிரித்தார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது.

அதற்குள் ஆண்டியப்பன் தேயிலையை ஊடறுத்து மூச்சு வாங்க ஓடிவந்தார். தங்கையின் முகூர்த்தம் தப்பப் போகிறதே என்று கவலைப்பட்டாரா? கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "மொதலாவதா வந்துட்டீங்க மச்சான்!" என்றார். பின்னாலேயே வேனில் வந்திறங்கிய இஸ்ஸதீன் நானா, "தம்பி, அப்படியே இரிங்க, அசையாதீங்க" என்று கேமராவைத் தூக்கினார். என்னால் அசைய முடிந்திருந்தால் இறங்கியிருக்கமாட்டேனா? அதுதான் தங்கள் ஆறாம் பக்கம்.

இதற்குப் பிறகு ஆண்டியப்பன் செய்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. எந்தக் கல்யாணத்திலும், எந்த விளையாட்டுப் போட்டியிலும், நான் பக்கத்தில் இருக்கும்போதே, "ஒருக்கா ஒரு குடிகாரப் பய நம்ம பாக்கியத்துமேல ஏறிட்டான்ங்க" என்று ஆரம்பிப்பார். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவார். கூடியிருப்பவர்கள் பாதிப்பேர் அன்று நேரில் பார்த்தவர்கள். ஒருவராவது எழுந்து, "குடிகாரர் இல்லீங்க, அது நம்ம வாத்தியாருங்க" என்று சொல்ல வேண்டுமே? இருபத்தாறு வருடத்தில் ஒரு நாக்கு அசையவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவன் நான். சென்ற வருடம் கரப்பந்துப் போட்டிக்கு நடுவராக நின்று, கடைசி விசிலை ஊதிவிட்டு அங்கேயே விழுந்து போய்ச் சேர்ந்தார். அழுதேன், மறைக்கவில்லை. கதையும் அவரோடு போய்விடும் என்று எண்ணினேன். நீங்கள் அதை அச்சில் ஏற்றிவிட்டீர்கள்.

கேளுங்கள், எங்கள் அதிபர் அந்தப் பக்கத்தை வெட்டி அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டார். வருகிற திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டி, மதுவால் மனிதன் எந்த நிலைக்கு வருகிறான் என்று மாணவர்களுக்கு விளக்க வேண்டுமாம். விளக்க வேண்டியவர் யார்? மதுவொழிப்புக் கழகத் தலைவர்.

ஆகவே இந்த ஞாயிறு இதழிலேயே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், படத்தில் இருப்பவர் குடிகாரர் அல்லர், மணமகன் என்று என் முழுப் பெயர், பட்டம், பதவியுடன் திருத்தம் வெளியிடக் கோருகிறேன். தங்கள் பத்திரிகை நீடூழி வாழவும், தங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் நாலு சக்கர வாகனத்திலேயே நடக்கவும் வாழ்த்தி,

இங்ஙனம்,

பி.கு.: மேலே பெயருக்கு இடம் விட்டு, பேனாவுக்கு மை தேடப் போனேன். திரும்பி வருவதற்குள் ஜெயந்தினி தேத்தண்ணி வைக்க வந்தவள் கடிதத்தை முழுதும் வாசித்துவிட்டாள்.

"இதையா போடப் போறீங்க? அன்னைக்கு மடுவத்துல எங்கண்ணன் கையப் புடிச்சிக்கிட்டு நீங்க என்னா சொன்னீங்க?" என்றாள்.

"என்ன சொன்னேன்?"

"'மச்சான், வர்ற மாசம் எனக்கு வாத்தியார் வேலைக்கு நேர்முகப் பரீட்சை, இது நான்னு ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது'ன்னு அழுதீங்களாமே. தாலி கட்டின கையோட அண்ணன் சாப்பிடக்கூட வரல. எங்க போனாருன்னு நெனச்சீங்க? மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, லயம் லயமா போயி, 'எவன் கேட்டாலும் ஒரு குடிகாரன்னு சொல்லுங்க, நம்ம வீட்டு மாப்பிள்ளைய காட்டிக் குடுத்துடாதீங்க'ன்னு கும்பிட்டாரு. பழனியாண்டி கங்காணி சூடம் அணைச்சி சத்தியம் பண்ணுச்சி. தனுஷிகாவுக்கே இன்னும் தெரியாது, அப்பா சொன்னத நம்பித்தான் அந்தப் புள்ள எழுதியிருக்கு."

நான் அப்படிச் சொன்னது உண்மை. ஞாபகம் வருகிறது. பழனியாண்டி இன்றும் ரோட்டில் என்னைக் கண்டால் குனிந்துகொண்டு போவது மரியாதையால் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போகிறான் போலிருக்கிறது.

திருத்தம் வேண்டாம் ஐயா. குடிகாரர் குடிகாரராகவே இருக்கட்டும். திங்கட்கிழமை நான் பேசத்தான் போகிறேன். அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் இரக்கத்தோடு பேசுவேன், அவருக்கு வாய்த்த மச்சானைப் பற்றிக் கூடுதலாகவே பேசுவேன். ஆனால் எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன், கிழிக்க மனம் வரவில்லை, தாங்களாவது ஒருவர் தெரிந்துகொள்ளுங்கள். வட்டகொடைத் தபாற்கந்தோரில் என் கையெழுத்தை அறிவார்கள் என்பதால், நாளைக் காலை ரயிலேறி றொசல்லயில் இறங்கி அங்கே தபாலில் சேர்ப்பேன். கையொப்பம் இடவில்லை.