அரை மணி நேர ஓய்வும் இரண்டு அண்டா பிரியாணியும்

அரைகுறையாகப் படித்தவர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பது கஷ்டம். படித்ததை உடனே யார் மீதாவது பிரயோகித்துப் பார்க்காவிட்டால் அவர்களுக்குத் தலை வெடித்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் அப்படி ஒருத்தி இருந்தாள். தபால் வழியில் தொழிலாளர் சட்டம் படித்துக்கொண்டு, பால்காரரிடம்கூட "ஒங்களுக்கு வார லீவு உண்டா?" என்று கேட்டு இம்சை பண்ணுவாள். (நான்தான்.)

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டெல்லா அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு செம்பட்டி. நிச்சயத்தன்றே மாப்பிள்ளையின் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சீரு செனத்தி ஒண்ணும் வேணாம் சம்பந்தி. எங்க சனம் திண்டுக்கல்லுக்கு வாரதே பிரியாணிக்குத்தான். சோறு உதிரி உதிரியா இருக்கணும், அம்புட்டுதான்." அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. அலையாய் அலைந்து, பிரியாணிக்குப் பேர்போன சவரிமுத்து மாஸ்டரைப் பிடித்துவந்தார்.

கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவுக்குப் பின்னால் நின்று நெளிந்த நெளிப்பில் அம்மா பொறுமை இழந்தாள். "செத்த நேரம் ஒரு எடத்துல நிக்க மாட்டியா? போ, சமையலைப் பாரு." பரீட்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையல் கொட்டகைக்குப் போனேன்.

அரிசி அப்போதுதான் அண்டாக்களில் விழுந்திருந்தது. மாஸ்டர் தன் ஆட்கள் நால்வரிடம், "மொதப் பந்தி எப்பன்னு கேட்டுட்டு வாரேன். தண்ணி வத்தவும் மூடித் தம் போட்டுருங்கடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர்களில் மூத்தவர் பாண்டி அண்ணன். "எப்பண்ணே வேலைய ஆரம்பிச்சீங்க?" என்றேன்.

"விடியக்காலம் வெங்காயம் உரிச்சதுல இருந்து இப்படியேதான் நிக்கிறோம் தாயி."

எனக்குள் ஒரு தொழிற்சங்கமே எழுந்து நின்றது. "தொடர்ந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாதுண்ணே. நடுவுல அரை மணி ரெஸ்ட் குடுத்தே ஆகணும். சட்டம்!" (அது தொழிற்சாலைக்கான சட்டம். தொழிற்சாலை என்றால் எது என்பது முதல் பக்கங்களில் இருந்தது. போரடித்ததால் நான் அவற்றைத் தாண்டி வந்திருந்தேன்.)

"மாஸ்டர் வந்து கண்டபடி வஞ்சா?"

"என் பேரச் சொல்லுங்க. அடுப்ப நான் பாத்துக்கறேன்."

பாண்டி அண்ணன் அண்டாவைப் பார்த்தார், என் பட்டுச்சேலையைப் பார்த்தார். "பொண்ணோட தங்கச்சியே சொல்லுது, வாங்கடா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மூவரையும் கூட்டிக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்குப் போய்விட்டார்.

இப்போது நானும் இரண்டு அண்டாவும். சும்மா நிற்க முடிகிறதா? அடிப்பிடித்துவிடுமோ என்று துடுப்பை எடுத்து ஒரு கிண்டு கிண்டினேன். மனசு ஆறவில்லை. அடுத்த அண்டாவுக்கு ஓடினேன். திரும்பவும் முதல் அண்டா. வேகிற பிரியாணி அரிசியைத் துடுப்பால் குடையக் கூடாது என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை.

மாஸ்டர் வந்து அண்டாவுக்குள் பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. தலைத்துண்டை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா, இதுக்குப் பேரு என்ன?"

"பிரியாணி..."

"பொங்கல்" என்றார்.

முதல் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா. இலையில் விழுந்த சோறு, கரண்டியின் வடிவிலேயே நின்றது. அவர் பக்கத்தில் எங்கள் அப்பா வெளுத்துப்போய் நின்றார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சம்பந்தி ஒரு வாய் எடுத்து மென்றார். (மெல்வதற்கு அதில் என்ன இருந்தது?) "உதிரின்னு சொல்லியிருந்தேனே" என்றார். அப்போது பக்கத்து இலையில் பல் போன அவருடைய பெரியப்பா, "அவன் கெடக்கான், எனக்கு இன்னும் ரெண்டு கரண்டி வையிப்பா. இன்னைக்குத்தான் கல்யாண வீட்டுல வயிறாரத் திங்கிறேன்" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. சம்பந்தியும் சிரித்துவிட்டார். அப்பாவுக்கு மூச்சு வந்தது.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். அப்பா மறுபடியும் சவரிமுத்து மாஸ்டரிடமே போய் நின்றார். மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: "கடைசிப் பந்தி முடியிறவரைக்கும் பொண்ணு மேடைய விட்டு எறங்கப்படாது." அப்பா யோசிக்கக்கூட இல்லை, ஒத்துக்கொண்டார். பாத்ரூமுக்குப் போனபோதுகூட அக்கா காவலுக்கு வந்தாள்.

கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பவர்கள், பொண்ணு என்ன அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். என் கணவர் இன்றைக்கும் விடாமல் சொல்வார்: "அது அடக்கம் இல்லங்க, அக்ரிமெண்ட்."