ஒரு வரிக்கு ஒரு பூட்டு

ஏழு ஏரிகளைத் தாண்டினால் மடையூர் நாடு. அங்கே மதகு திறப்பதெல்லாம் ஏட்டைப் பார்த்துத்தான். குடிக்கு ஒரு வரி. அதில் பெயர், வயல், தண்ணீர் விடும் நாள். திருத்துகிறவர் ஏட்டைப் பூட்டிக்கொள்வார். அவர் முடிக்கும்வரை பிறர் பழைய படியைப் படிக்கலாம், ஏட்டைத் தொடக்கூடாது.

அரியநாச்சியின் தண்ணீர் நாள் ஏட்டில் தவறுதலாக ஒரு மாதம் தள்ளி விழுந்துவிட்டது. நாற்று வாடியது. ஏட்டுக்கூடத்துக்கு ஓடினாள். ஏடு பூட்டியிருந்தது.

"மன்னர் பெயருக்கு முன்னால் புதுப் பட்டம் சேர்க்கிறோம், பொறு" என்றார் ஏட்டமைச்சர் வேழமுடியார்.

"அவரு வரியை மட்டும் பூட்டுங்களேன் ஐயா. என் வரி என்ன பண்ணுச்சு?"

அமைச்சர் மூன்று நாள் யோசித்து, அதைத் தம் யோசனையாக அறிவித்தார். இனி வரிக்கு வரி பூட்டு. நாட்டிலுள்ள பூட்டெல்லாம் ஏட்டுக்கே. வீடுவீடாகக் கழற்றிப் போனார்கள். வெற்றி ஊர்வலத்தில் திருடர்களும் மகிழ்ச்சியாக நடந்தார்கள். நாற்று பாதி மஞ்சளாகிவிட்டது.

மறுபடி போனாள். அவள் வரியை நீர்த்துறை அதிகாரி பூட்டிக்கொண்டு, நாள் மாற்றத் தேவையான பக்கத்து வயல்காரர் வரிக்காகக் காத்திருந்தார். அந்த வரியை நிலத்துறை அதிகாரி பூட்டிக்கொண்டு, இவள் வரிக்காகக் காத்திருந்தார். இருவரும் எதிரெதிரே பாய் விரித்திருந்தார்கள்.

"யாராச்சும் ஒருத்தரு விட்டுட்டு, மொதல்லேருந்து ஆரம்பிச்சா முடிஞ்சுபோச்சே ஐயா."

"முதலில் திறப்பவர் துரோகி என்று நேற்றுத்தான் சட்டம் போட்டோம்" என்றார் வேழமுடியார்.

"சட்டத்தை மாத்துங்க."

"மன்னர் கையொப்பம் வேண்டும். பட்டம் எழுதி முடியும்வரை அது செல்லாது."

"இன்னுமா எழுதுறாரு?"

"திருத்தம் நடக்கிறது. பழையதைப் படித்துக்கொள், தடையில்லை."

மன்னரின் பழைய வரியைப் படித்தாள். ஆட்சி முடியும் நாள்: வரும் தை.

"எந்தத் தை ஐயா? எனக்குக் கல்யாணம் ஆனப்பவும் இதேதான இருந்துச்சு?"

அமைச்சர் இருமினார்.

வெளியே வரிசையில் நின்றவர்கள், "என்னக்கா சொல்றாங்க?" என்றார்கள்.

"மதகுல பூட்டு இருக்கா?"

"அதையும்தான் ஏட்டுக்குக் கழட்டிட்டுப் போயிட்டாங்களே."

"அப்ப இங்க எதுக்கு நிக்கிறோம்?"

மாலையில் தண்ணீர் நாற்றின் காலைத் தொட்டது. ஏட்டின்படி அது இன்னும் வரவில்லை.

திரும்பும் வழியில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "அரண்மனை வாசல் பூட்டும் இப்ப ஏட்டுலதான் தொங்குது."

எல்லோரும் அரண்மனைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது.