திரையை விட்டுப் போகாத பச்சமுத்து

பகலவன் அந்தக் கம்ப்யூட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பச்சமுத்து வக்கீல்தான் வந்தார். கறுப்புக் கோட்டும் சந்தனப் பொட்டுமாகத் திரையில் சிரித்துவிட்டு, பாஸ்வேர்டு கேட்டார்.

வக்கீலுக்கே போன் போட்டுக் கேட்டான்.

"மறந்து பூட்டதாலதான்டா ஒன்கிட்ட வித்தேன்" என்றார் வக்கீல்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்பதற்கென்று பகலவன் கடை திறந்து ஒரு மாதம் ஆகிறது. வாங்குவது ஜோராக நடந்தது. விற்பதுதான் இன்னும் ஆரம்பமாகவில்லை. அக்கா மகேஸ்வரி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வாரத்துக்குள்ள ஒண்ணாவது வித்துக் காட்டு. இல்லன்னா திங்கக்கெழம ஓரகடம் கம்பெனிக்குக் கெளம்பிக்கினே இரு."

ஓரகடம் என்றால் சென்னைப் பக்கம் போய் ஷிப்டு வேலை பார்ப்பது; அவனுக்கு அது ஆகாது. ஊர் வேண்டும், இந்தக் கடை வேண்டும். வேறெதுவும் அவன் கேட்கவில்லை.

இன்று சனிக்கிழமை. காலையில்தான் அந்தப் போன் வந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து பெரியம்மாள் என்பவர், மகளை அழைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பார்க்க வருகிறாராம். முதல் போணி. பகலவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊதுபத்தி ஏற்றினான். இருந்த ஒரே நாற்காலியை இரண்டு தடவை துடைத்தான்.

வாங்க வருகிறவருக்கு வக்கீல் முகத்தையா காட்ட முடியும்? எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும்படி கம்ப்யூட்டருக்கு உத்தரவு கொடுத்தான். பாதி அழிந்திருந்தபோது கரண்ட் போனது. கடையில் யு.பி.எஸ். இருந்தது. அதற்கு உயிர்தான் இல்லை.

கரண்ட் வந்தபோது வக்கீல் போயிருந்தார். கூடவே மற்ற எல்லாமும் போயிருந்தது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண் சிமிட்டியது.

பகலவன் அசரவில்லை. புது விண்டோஸ் ஏற்றிவைத்திருந்த பென் டிரைவைச் சொருகினான். கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலேயே 'சரி, சரி' என்று தட்டினான். பாஷை கேட்ட இடத்திலும் அப்படியே தட்டிவிட்டான் போலிருக்கிறது. திரை முழுக்கச் சீன எழுத்து கொட்டியது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெரியம்மாளும் மகள் ஷாலினியும் இறங்கினார்கள். ஆட்டோக்காரன் குமார் வண்டியிலேயே சாய்ந்துகொண்டான்.

"வாங்கம்மா, ரெடியாயிக்கினே இருக்குது."

பெரியம்மாள் கடையை மேலும் கீழும் பார்த்தார். "கட சொந்தமா, வாடகையா தம்பி?"

"வாடகைங்க. வாரண்டி ஆறு மாசம் தரேன்ங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரே அக்காங்க, கட்டிக் குடுத்தாச்சு. ரேம் எட்டு ஜி.பி.ங்க."

"மத்தியான சோறு வூட்டுலயா, ஓட்டல்லயா?"

"அக்கா குடுத்தனுப்பும்ங்க. கீபோர்டு ஃப்ரீங்க."

நம் பக்கத்தில் தீப்பெட்டி வாங்க வந்தாலும் வம்சத்தை விசாரிக்காமல் போகமாட்டார்கள். பகலவன் பதிலைச் சொல்லிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தான்.

ஷாலினி திரையை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது இன்னா பாஷ?"

"சைனீஸ்ங்க. மாத்திடலாம்."

"மாத்திடுங்க. எங்களுக்குத் தமிழே ஜாஸ்தி."

அவள் சிரித்ததில் பகலவனுக்கு இன்னும் பதற்றம் ஏறியது. முதலிலிருந்து ஆரம்பித்தான். எந்த டிஸ்கை அழிக்கட்டும் என்று கம்ப்யூட்டர் சீனத்தில் கேட்டது. ஒன்றைத் தட்டினான்.

"ஏங்க, அது பென் டிரைவ் மாரி இருக்குதே" என்றாள் ஷாலினி.

பென் டிரைவ்தான். விண்டோஸ், சீனம் எல்லாம் சேர்ந்து மறைந்தது. இனி ஏற்றுவதற்கும் கையில் ஒன்றுமில்லை. பகலவனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"அதனால இன்னா தம்பி, துடைச்சிக் கட்டிக் குடுத்துடு" என்றார் பெரியம்மாள். "எங்களுக்கு இன்னா தெரியப் போவுது?"

திங்கட்கிழமை கண் முன்னால் வந்து நின்றது. கட்டிக் கொடுத்தால் ஒன்று விற்றாயிற்று, அக்கா வாயை அடைத்துவிடலாம். பகலவன் துணியை எடுத்தான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டான்.

"வேணாம்மா. இது இப்ப வெறும் டப்பா. நான்தான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன். வேற கடையில நல்லதாப் பாத்து வாங்கிக்குங்க."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சரி தம்பி, வரோம்" என்றார் பெரியம்மாள். விலைகூடக் கேட்கவில்லை. ஆட்டோவில் போய் ஏறிக்கொண்டார்கள்.

பகலவனுக்கு அழுகையே வந்துவிட்டது. தோற்றதைத் தன் வாயாலேயே சொல்லிவிடலாம் என்று அக்காவுக்குப் போன் போட்டான். அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி போட்டான். அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். துணிமணி எடுத்துவைக்க வீட்டுக்குக் கிளம்பலாம் என்று ஷட்டரைப் பிடித்து இழுத்தான்.

கிளம்பாமல் நின்றிருந்த ஆட்டோவிலிருந்து குமார் இறங்கி ஓடிவந்தான்.

"கடைய சாத்தாதண்ணே, பொண்ணுக்கு உன்னப் புடிச்சிருக்குதாம், கம்ப்யூட்டர்லாம் வேணாம், மாப்ளைய ஓரகடம் மட்டும் அனுப்பக்கூடாதுன்னு அந்தம்மா ஒங்கக்கா கிட்ட போன்ல கண்டிஷன் போட்டுக்கினு இருக்குது."