முத்தாலம்மாள் மண்டபத்தில் ஆவணி முழுக்க ஃபுல்

பெருங்களத்தூர்
24.7.2007

அன்புள்ள மச்சான் வினோத்குமாருக்கு,

உன் அக்கா ஜோதிலட்சுமியின் புருஷன் குப்புராஜ் எழுதிக்கொள்வது. இங்கே யாரும் நலமாக இல்லை. பெங்களூரில் நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை!

பொங்கலுக்கு வந்தவன் பொங்கலைத் தின்றுவிட்டுப் போயிருக்கக் கூடாதா? மண்டபத்துக் கம்ப்யூட்டரில் ஜாவாவில் புக்கிங் புரோகிராம் போட்டாய். இது பழகிப் பார்க்க, நிஜமானது சித்திரையில் வரும் என்றாய். சித்திரையில் குரியரில் சிடி வந்தது. "பழசு மேலயே போட்டுடுங்க மாமா, இனிமே புக்கிங் நோட்டை மூட்டை கட்டிடுங்க" என்று போனில் சொன்னாய். போட்டேன். நோட்டையும் கட்டிப் பரணில் எறிந்தேன். அன்றிலிருந்து ஆவணி மாதம் ஏழு முகூர்த்தமும் சிவப்பு. யார் வந்து கேட்டாலும் ஃபுல், ஃபுல் என்று சொல்லி அனுப்பினேன். நம்ம மண்டபத்துக்கு இவ்வளவு கிராக்கியா என்று எனக்குப் பெருமை வேறு!

போன மாதம் கோவிலம்பாக்கத்திலிருந்து என் அக்கா தனக்கோடி வந்தாள். அவள் மகள் துர்காவுக்கு ஆவணி பதினாறில் முகூர்த்தம். கம்ப்யூட்டரைத் தட்டினேன், சிவப்பு. "அக்கா, ஃபுல்லுக்கா" என்றேன். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு எங்க அம்மா பேர்ல கீற மண்டபத்துல எடம் இல்லையா? கம்ப்யூட்டர் மேல ஏன்டா பழி போடுற, எடம் இல்லாதது உம் மனசுலதான்" என்று கத்திவிட்டு, வேறு மண்டபம் பிடித்துவிட்டாள். அதோடு விட்டாளா? தாய்மாமன் சீரும் வேண்டாம், நானும் மேடை ஏற வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள். துர்காவுக்குக் காது குத்தும்போது என் மடியில் உட்கார வைத்தேன்டா! அவள் கல்யாணத்தில் நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரவா?

நேற்று மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கிற செல்வமேரி டீச்சரைக் கூப்பிட்டு, பதினாறாம் தேதி எந்த மகராசன் எடுத்தான் என்று பார்க்கச் சொன்னேன். மணமகன் டெஸ்ட், மணமகள் டெஸ்ட் டூ, வருவோர் 99999 பேர். ஏழு முகூர்த்தமும் அதே ஜோடி! ஒரே பெண்ணுக்கு ஒரே மாதத்தில் ஏழு தாலி கட்ட வைத்த புண்ணியவான் நீதானே? டீச்சர் பொறுமையாகச் சொன்னாள்: "சார், முதல் தடவை புரோகிராம் போடும்போது, அதை ஓட்டுற சர்வர் சாஃப்ட்வேர், எந்த லிஸ்டைப் பார்க்கணும்னு எழுதியிருக்கிற செட்டிங்ஸ் ஃபைலை காப்பி பண்ணி தனியா ஒரு ஃபோல்டர்ல வெச்சுக்குது. அந்தப் பழசு அங்க இருக்கிற வரைக்கும் புதுசுல நீங்க எதை மாத்தினாலும் அது பார்க்காது. இன்னும் பழகிப் பார்த்த லிஸ்டைத்தான் காட்டுது."

உடனே நீ, "அதைத்தான் அழிக்கச் சொன்னேனே மாமா" என்பாய். சொன்னாய். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்றைக்குச் சொன்னாய்? வெள்ளிக்கிழமை, விளக்கேற்றுகிற நேரம். ஃபைலுக்கு என்ன பேர் வைத்தாய்? முத்தாலம்மாள்.எக்ஸ்எம்எல்! மண்டபத்துப் பேர்தான் ஃபைலுக்கும் வருமாம். செத்துப்போன அம்மா பேரை வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து அழி என்றால் எந்த மகன்டா அழிப்பான்? "அழிச்சாச்சா மாமா?" என்று கேட்டாய், ஆச்சு என்றேன். வேறென்ன சொல்வது? நேற்றும் டீச்சர் அழிக்கப் போனாள், மவுஸைப் பிடுங்கிக்கொண்டேன். ஆகவே குற்றம் முழுக்க உன்னுடையது. இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, தனக்கோடி அக்கா எதிரில் நின்று, உன் வாயால் ஒத்துக்கொண்டு, உன் கையால் அந்த ஃபைலை அழித்துவிட்டுப் போ. நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஜோதிலட்சுமி ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். என் ஆசீர்வாதத்தை ஞாயிற்றுக்கிழமை நேரில் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும்
குப்புராஜ்

பி.கு.: நீ வர வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள் ஜோதிலட்சுமி இதைத் தனக்கோடி அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டிவிட்டாள். அக்கா ஆட்டோ பிடித்து நேராக மண்டபத்துக்கு வந்தாள். அந்த ஃபைலைக் காட்டச் சொன்னாள், காட்டினேன். "தள்ளுடா, நானே அழிக்கிறேன்" என்று மவுஸை வாங்கினாள். ரொம்ப நேரம் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மவுஸை வைத்துவிட்டு, "இருந்துட்டுப் போவட்டும்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினாறாம் தேதி துர்கா கல்யாணம் இங்கேதான், சீர்த்தட்டு நான்தான் தூக்குகிறேன். கம்ப்யூட்டர் இன்னும் ஃபுல் என்றுதான் சொல்கிறது, சொல்லிக்கொள்ளட்டும். பரணிலிருந்து நோட்டை இறக்கிவிட்டேன்.