ஏழு மணி விசில்

பூமிப்பந்து சூடாகாமல் காக்கும் பொறுப்பு காரிமங்கலம் ஆசிரியர் நகரின் தோளில்தான் இருக்கிறது என்று தமிழ்மணி மாஸ்டர் பலமுறை மைக்கில் சொல்லியிருக்கிறார். அந்தப் பொறுப்புக்கு இப்போது ஒரு சின்ன இடைஞ்சல். கூடத்தில் அவருடைய மாமனார் ஆண்டி காலமாகிக் கிடந்தார். வாடகை ஃப்ரீசர் பெட்டியும் வந்து இறங்கிவிட்டது. அதன் பிளக்கை எங்கே சொருகுவது?

"நம்ம வூட்லதான். வேற எங்க?" என்றாள் மனைவி கலைமணி.

"நாளன்னைக்குக் காலைல மீட்டர் பாக்கறோம், கலை. இது ஓடுச்சுன்னா ரெண்டு மாச சிக்கனமும் போச்சு."

"செத்தது எங்கப்பா."

"குழுத் தலைவர் நானு."

நகரின் மின் சிக்கனக் குழுவை ஆரம்பித்ததே ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டரான அவர்தான். தினமும் ஏழு மணிக்குத் தெருவில் நின்று விசில் அடிப்பார். எட்டு மணி விசில் வரைக்கும் எல்லா வீட்டிலும் விளக்கும் ஃபேனும் நிற்க வேண்டும். மாஸ்டர் வீட்டில் மட்டும் மெயின் சுவிட்சே இறங்கும். தலைவர் வீடல்லவா! குறைவாக மின்சாரம் செலவழித்த வீட்டுக்கு 'முன்மாதிரி இல்லம்' என்று கேடயம். தர்மபுரிக்குப் போய் அவரே செய்து வாங்கிவந்துவிட்டார். பெயரும் பொறித்தாகிவிட்டது. அவர் பெயர்.

அன்றைய விசில் நேரத்தில்தான் மாமனார், "மூச்சு முட்டுது மாப்ள. ஃபேனைப் போடுங்க" என்றார்.

"எட்டு மணிக்கு வந்துடும் மாமா" என்றார் மாஸ்டர்.

எட்டு மணிக்குக் காற்று வந்தது. வாங்கிக்கொள்ள மாமா இல்லை.

குவைத்திலிருந்து மைத்துனன் அன்பு வந்து சேர மறுநாள் இரவாகும் என்று தகவல்.

"என் தம்பி வர்றப்ப அப்பா மொகம் மொகமா இருக்கணும். இல்லீன்னா காரியம் முடிஞ்ச கையோட நானும் அவனோட கெளம்பிடுவேன்" என்றாள் கலைமணி. அழாமல் சொன்னாள். அதுதான் மாஸ்டருக்குப் பயமாக இருந்தது.

ஒயரை எடுத்துக்கொண்டு வலது பக்கத்து வீட்டு ரோஷன் பீயிடம் போனார். "ஒரு பிளக்குதான்மா. சாவு வூடு."

"இதுக்குப் போயி கேக்கணுமா மாஸ்டர்? குடுங்க."

ஒயர் அவள் ஜன்னலுக்குள் போனது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பின்பக்கம் எங்கோ நாய் குரைத்தது. அப்புறம் பெட்டி உறுமி, பச்சை விளக்கு எரிந்தது. மாஸ்டர் மனசுக்குள் ரோஷன் பீயின் பெயரைப் போட்டியிலிருந்து அடித்துவிட்டார்.

மறுநாள் மாலை. பந்தலில் ஆட்கள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கு மாஸ்டர் சட்டைப் பையைத் தடவினார்.

"இன்னைக்குமா?" என்றாள் கலைமணி.

"துக்கத்துலயும் கொள்கைன்னு ஒண்ணு இருக்குது."

விசில் அடித்தார். உள்ளே போய்த் தன் கையாலேயே மெயினை இறக்கினார். இருட்டில் எல்லோரும் தன்னை வியந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டார்.

பெட்டியின் உறுமல் நின்றது. பச்சை விளக்கும் அணைந்தது.

மாஸ்டர் ரோஷன் பீ வீட்டு வாசலில் போய் நின்றார். "லைட்டும் ஃபேனும்தானே நிறுத்தச் சொன்னேன்! பொணப்பெட்டியையுமா புடுங்குவீங்க?"

"நான் எங்க புடுங்குனேன்? உங்க ஒயரோட எங்க எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சேத்து நேத்தே பின்வூட்டு ஆரோக்கியராஜ்கிட்ட குடுத்துட்டேன். எங்க மீட்டரையும் நாளைக்குத்தான பாக்கறீங்க?"

மாஸ்டர் டார்ச்சோடு பின்தெருவுக்கு ஓடினார்.

"உங்களுக்கு அடுத்த எடத்துல நான் நிக்கறேன் சார்" என்றான் ஆரோக்கியராஜ். "கேடயத்தை உட முடியுமா? குள்ளம்மா அக்கா வூட்டுப் பக்கம் தள்ளிட்டேன்."

அதற்குள் பெட்டிக் கண்ணாடி வேர்த்துவிட்டது. மாமனார் முகம் தெரியவில்லை. யாரோ ஊதுபத்தியைக் கட்டாகக் கொளுத்தினார்கள். கலைமணி போன் போட, பெட்டிக்காரர் முதசிர் வண்டியில் வந்தார். தொட்டுப் பார்த்தார்.

"பெட்டி மேல குத்தமில்லீங்க. கரண்ட்டுதான் வரல" என்று ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். குள்ளம்மாள் வீட்டுப் பின்பக்கத்தில் மாஸ்டரும் அவரும் சந்தித்தார்கள். மாஸ்டருக்கு இடது பக்கத்து வீடு அது.

"மனுசத்தன்மை இருக்குதா உனக்கு?" மாஸ்டர் குரல் பந்தல் வரை கேட்டது. "ஒரு சாவு வூட்டுக்குக் கரண்ட் குடுக்கக் கையி வரல? அந்த மனுசன் மொகத்தைக்கூடப் புள்ள பாக்கக் கூடாதா?"

"கத்தாதீங்க மாஸ்டர். நான் புடுங்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல" என்ற குள்ளம்மாள், மதில் சுவரைக் கை காட்டினாள். ஒயர் அதன்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

முன்பக்கம் கார் வந்து நின்றது. "தம்பீ..." என்று கலைமணி ஓலமிட்டாள். முதசிர் டார்ச்சை வாங்கி வாயில் கவ்விக்கொண்டு சுவர் ஏறிக் குதித்தார்.

அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"மாஸ்டர், உங்க வூட்டு மோட்டார் பிளக்லதாங்க சொருவியிருக்குது. மெயினு எறங்கியிருக்குது."